திரும்பத் தொடங்கும் இடம்

நாலு வயதுப் பிள்ளைகளுக்கான கணிதப் பயிற்சி நூல்களில் தவறாமல் ஒரு பக்கம் வரும். சிவப்பு வட்டம், நீல வட்டம், சிவப்பு வட்டம், நீல வட்டம், மீண்டும் ஒரு சிவப்பு, அதற்கடுத்து வெறும் வட்டம். பிள்ளை அதில் நீலத்தைத் தீட்ட வேண்டும். பெரும்பாலும் முதல் முறையிலேயே தீட்டிவிடுகிறது. மூலையில் ஒரு நட்சத்திரம் ஒட்டப்படுகிறது, ஏடு புரள்கிறது. கொஞ்ச காலமாக இந்தப் பக்கம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளை தப்பாகத் தீட்டியிருந்தால்கூட இத்தனை உறுத்தியிருக்காது. சரியாகத் தீட்டுவதற்கு அது எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று யோசித்தால், கடைசி இரண்டு வட்டங்களைப் பார்த்தாலே போதும் என்று தெரிகிறது. வரிசை எங்கே தொடங்கியது, எது திரும்பத் திரும்ப வருகிறது, யார் இதை இப்படி அடுக்கியது, வேறு மாதிரி அடுக்கலாமா என்ற எந்த யோசனையும் வேண்டியதில்லை. அடுத்து என்ன என்று ஒரே கேள்வி, அதற்கு ஒரே விடை. ஜொகூரில், ஸ்கூடாயிலும் தம்போயிலும் மாசாயிலும் நான் போய்வரும் வீடுகளில் சுவரில் நூறு வரைக்கும் எண் அட்டை தொங்குகிறது. பிள்ளைகள் ஒன்றிலிருந்து நூறு வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்து முடித்த பிள்ளையிடம் ஐந்து மாரி பிஸ்கட்டை எடுத்து வா என்றால் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். எண்ணுக்கு முன்னால் கைக்கும் கண்ணுக்கும் ஏதோ ஒன்று பழகியிருக்க வேண்டும். அது எது, எப்படிப் பழகுகிறது, இப்போது ஏன் பழகாமல் போகிறது என்பதைச் சுற்றித்தான் என் மனம் நெடுநாளாய் அலைகிறது.

மழலைக் கணிதத்தை ஆராய்பவர்கள் இதைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஜோஆன் மல்லிகனும் மைக்கேல் மிட்செல்மோரும், அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பெத்தனி ரிட்டில்-ஜான்சனும் அப்படிப்பட்டவர்கள். நாலு வயதுப் பிள்ளை ஒரு வரிசையோடு என்னென்ன செய்ய முடியும் என்று ரிட்டில்-ஜான்சன் குழுவினர் 2013-ல் எழுதிய கட்டுரை பிரித்துக் காட்டுகிறது. இருப்பதைப் பார்த்து அப்படியே அடுக்குவது ஒன்று. நிறுத்திய இடத்திலிருந்து நீட்டிக்கொண்டு போவது இன்னொன்று. அதே ஒழுங்கை முற்றிலும் வேறு பொருள்களால் கட்டிக் காட்டுவது இவற்றைவிடக் கடினம். திரும்ப வரும் துண்டு எது என்று தனியே பிரித்துச் சொல்வது அதைவிடக் கடினம். பயிற்சி நூல் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாம் படி எப்படி இருக்கும் என்பதை ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு வீட்டில், சமையலறைத் தரையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். ஒரு பாட்டியும் பேத்தியும். மில்லோ டின் நிறைய ஆனைக்குண்டுமணி. மலாய்ப் பிள்ளைகள் சாகா என்று பொறுக்கிச் சேர்ப்பார்களே, அந்தச் சிவப்பு விதை. பக்கத்தில் ஒரு குத்து ரப்பர் கொட்டை, பழுப்பும் கறுப்பும் கலந்த புள்ளியோடு, தேய்த்துவிட்டது போன்ற பளபளப்பு. சிறுமி சிவப்பு, சிவப்பு, கொட்டை, சிவப்பு, சிவப்பு, கொட்டை என்று தரை ஓட்டின் இடுக்கு நெடுக அடுக்கிக்கொண்டு போனாள். எங்கும் பிசகவில்லை. பாட்டி அதைக் கலைக்காமல் கரண்டிகளையும் டப்பா மூடிகளையும் கொண்டுவந்து வைத்து, "இதுலயும் அதே மாரி செய்யி" என்றார். அவள் கரண்டிகளைக் கிளறினாள். மூடிகளைத் திருப்பிப் பார்த்தாள். "செவப்புக் கரண்டி இல்லையே பாட்டி." பாட்டி பதில் பேசவில்லை. நல்ல நேரம் ஓடியது. பெரியவர்களால் அந்த நேரத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. நானே வாயைத் திறக்கப் போனேன். பிறகு அவள் ஒரு கரண்டியை வைத்தாள், இன்னொன்றை வைத்தாள், ஒரு மூடியை வைத்தாள், விதை வரிசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அடுத்த இரண்டு கரண்டிகள் படபடவென்று விழுந்தன. சிவப்பு என்ற நிறத்திலிருந்து 'இரண்டு, பிறகு ஒன்று' என்பது கழன்று வந்தது அந்த நேரத்தில்தான். அதற்கு நட்சத்திரம் ஒட்டும் இடம் எந்த நூலிலும் இல்லை.

இந்த விதைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆனைக்குண்டுமணி வேறு, குன்றிமணி வேறு. சிவப்பில் கறுப்புக் கண் வைத்த குன்றிமணி கொடிய நஞ்சு. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள்ளேயே அது வரக்கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எந்தச் சிறு விதையும் வேண்டாம், தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். டப்பா மூடியே போதும். ஆனாலும் பொற்கொல்லர் தராசில் குன்றிமணி இரண்டுக்கு மஞ்சாடி ஒன்று என்று நிறுத்து வந்த மரபு நம்முடையது. மஞ்சாடி என்பது இந்தச் சாகா விதையேதான். ஒன்றுபோல் ஒன்று இருப்பதால் எடைக்கல்லானது. அதே காரணத்தால் பிள்ளையின் கைக்கும் அது வாகாக இருக்கிறது. ஒரே அளவில் இருப்பவற்றை அடுக்கும்போதுதான் அடுக்கு கண்ணில் படும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவமாக இருக்கும் பிளாஸ்டிக் பொம்மைக் குவியலில் பொம்மைதான் தெரியும்.

விதையைப் போலவே புள்ளியை அடுக்கும் கோலத்துக்கு வருகிறேன். ஜொகூரில் இன்று பேரப்பிள்ளை எடுத்திருக்கும் தமிழ்ப் பெண்களில் பலர் கூலாய், லாயாங்-லாயாங், ரெங்கம், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வாசலில் வளர்ந்தவர்கள். அங்கே வாசல் மண் தரை. சாணி தெளித்த ஈரத்தில் மாவு விழுந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். இன்றைய தாமான் வீட்டு வாசலில் வழுக்கும் ஓடு. அடுக்குமாடியில் நடைபாதை எல்லோருக்கும் பொது. அங்கே மாவு நிற்பதில்லை, நின்றாலும் அடுத்த வீட்டுச் செருப்பு கலைத்துவிடும். கடையில் வாங்கி ஒட்டும் ஒட்டுக்கோலம் வந்ததற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. நான் சொல்ல வந்தது புள்ளியைப் பற்றி. கோலம் போடத் தெரிந்தவரிடம் ஒரு கோலத்தைக் கேட்டால் அவர் படத்தைச் சொல்வதில்லை, எண்ணைத்தான் சொல்வார். "ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி, நாலுல நிறுத்து." இந்த மூன்று சொல்லுக்குள் முப்பத்தேழு புள்ளி அடங்கியிருக்கிறது: நாலு, ஐந்து, ஆறு, ஏழு, ஆறு, ஐந்து, நாலு. நேர்ப்புள்ளியில் ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று என்று வைத்தால் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றைத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் ஒரு சதுரமாகவும், அவற்றின் நடுவே இரண்டுக்கு இரண்டாக நாலு புள்ளிகள் இன்னொரு சதுரமாகவும் நிற்கும். ஏழு வரை போனால் இருபத்தைந்து. அதற்குள் பதினாறும் ஒன்பதும். நாலு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, சொன்னாலும் ஏறாது. ஆனால் புள்ளி வைத்துப் பழகிய விரலுக்கு, நடுவரிசைக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி குறைந்துகொண்டே போக வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு வரிசையில் ஒரு புள்ளி கூடிவிட்டால் கோணல் உடனே கண்ணில் படும். யாரும் திருத்த வேண்டாம், தரையே சொல்லிவிடும்.

சிக்குக் கோலத்தில் நடப்பது இன்னும் ஆழமானது. புள்ளிகளைக் கட்டம் கட்டமாக வைத்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடு ஒன்றையொன்று வெட்டிப் போகும்படி, ஓரத்தில் வளைந்து திரும்பும்படி இழுத்தால், மிக எளிய சிக்கு ஒன்று வரும். வரிசைக்கு நாலு புள்ளியாக மூன்று வரிசை வைத்திருந்தால், எங்கே தொடங்கினாலும் கையை எடுக்காமல் எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை என்றால் அது நடக்காது. மூன்று தனித்தனி வளையமாகப் பிரிந்து போகும். நாலுக்கு ஆறு என்றால் இரண்டு வளையம். இரு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை வளையம். இடைநிலைப்பள்ளியில் நாம் வகுத்து வகுத்துக் கண்டுபிடித்த அந்த எண், தரையில் கோடு போகும் வழியாக நம் வாசலில் கிடந்திருக்கிறது. அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் விரலால் வரையும் சோனா ஓவியங்களிலும் இதே ஒழுங்கு இருப்பதை மொசாம்பிக்கில் பணியாற்றிய பாவுலுஸ் கெர்டெஸ் விரிவாக எழுதியிருக்கிறார். தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமணி கோலத்தைக் கணிதமாகவே எடுத்துக்கொண்டார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-ல் வெளியிட்ட கட்டுரை, கோலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு, சில சிறு துண்டுகளும் அவற்றை விரிக்கும் விதிகளும் இருந்தால் எவ்வளவு பெரிய கோலத்தையும் பிறப்பிக்கலாம் என்று காட்டியது. கணினிப் பட மொழிகளைப் பற்றிய ஆய்வில் கோலம் இடம்பிடித்தது அப்படித்தான். துண்டு, விதி, விரிவு. கரண்டியும் மூடியும் வைத்துக்கொண்டு அந்தச் சிறுமி தேடியதும் இவைதான்.

இந்த இடத்தில் எனக்குள் ஒரு தயக்கம் எழுகிறது. பாட்டி போட்ட கோலத்தைக் கணிதம் என்று சொல்லித்தான் மதிக்க வேண்டுமா? பல்கலைக்கழகம் முத்திரை குத்திய பிறகுதான் வாசலில் குனிந்திருந்த முதுகு நம் கண்ணுக்குத் தெரிகிறதா? கோலம் போட்டவர்கள் அழகுக்காகப் போட்டார்கள், வழக்கம் என்று போட்டார்கள், எறும்பு தின்னட்டும் என்று போட்டார்கள், விடியற்காலையில் தனக்கென்று கிடைத்த கொஞ்ச நேரம் என்பதாலும் போட்டார்கள். அதை அப்படியே பெயர்த்துப் பாலர் பள்ளித் தயாரிப்பாக ஆக்குவது அதன் மீது செலுத்தும் ஒரு வகை வன்முறையாகவே படுகிறது. இன்னொரு கேள்வி இதைவிடக் கடுமையானது. ஆயுள் முழுக்கக் கோலம் போட்ட பெண்களில் எத்தனை பேர் கணக்கில் தேறினார்கள்? தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்கள்தானே அதிகம்? இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஓரளவு பதில் உண்டு. அவர்களைத் தடுத்தது கோலம் இல்லை, வறுமையும் காலமும். ஆனால் அந்தப் பதிலோடு நான் நின்றுவிட முடியாது. கையின் அறிவு தானாகவே எண்ணறிவாக மாறிவிடும் என்று நம்புவதும் பிழைதான். நடுவில் யாராவது ஒருவர் கேட்க வேண்டியிருக்கிறது: எங்கே திரும்பத் தொடங்குது? விரலை வைத்துக் காட்டு. பாட்டியின் காலத்தில் அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவரிடம் விடை இருந்தது, கேள்வி போய்ச் சேரவில்லை. முதல் கேள்விக்கு இன்னும் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. பிள்ளை மாவில் கை வைக்கும்போது அது படிக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காராதீர்கள் என்று மட்டும் பெற்றோரிடம் சொல்லத் தோன்றுகிறது.

உட்கார நேரம் ஏது என்பார்கள். நியாயம்தான். கோலத்துக்குரிய பொழுது விடியற்காலை. ஜொகூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும். கும்மிருட்டு இருக்கும் நாலரை, ஐந்து மணிக்கே தாமான் சந்துகளில் மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. 1924-ல் திறந்த கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். தூங்கும் பிள்ளையைத் தூக்கிப் பாட்டியிடமோ, பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்கா வீட்டிலோ விட்டுவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, குடிநுழைவு வரிசையில் போய் நிற்கிறார்கள். வாசல் தெளிக்க வேண்டிய கை அந்நேரத்தில் கடப்பிதழைப் பிடித்திருக்கிறது. இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் தாய்க்குப் பயிற்சி நூலின் ஒரு பக்கம் ஏன் பிடித்துப் போகிறது என்று எனக்குப் புரிகிறது. ஐந்து நிமிடத்தில் முடியும், தரை அழுக்காகாது, பிள்ளை சரியாகச் செய்ததா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. இன்னொன்றும் இருந்தது. 2014 தொடக்கத்திலிருந்து 2024 முடியும் வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் ஞாயிறு. அப்பா வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்தில். பிள்ளை வீட்டில் இருக்கும் வெள்ளிக்கிழமை அப்பா கடலுக்கு அப்பால். பதினோரு வருடம் பல குடும்பங்கள் இப்படி ஒருவரையொருவர் தவறவிட்டன. அந்த ஆண்டுகளில் பாலர் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு, பெற்றோரோடு சேர்ந்து கை வேலை செய்யும் ஒரு காலைப்பொழுது எத்தனை அரிதாக இருந்திருக்கும் என்பதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதிவைக்கவில்லை. 2025 சனவரி முதல் விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறாகிவிட்டது. சிலருக்கேனும் ஒரு காலைப்பொழுது திரும்பக் கிடைத்திருக்கிறது.

வடிவங்களுக்கு ஜொகூரில் பஞ்சமே இல்லை என்று ஒருவர் வாதிடலாம். ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குள் நுழைந்தால் சுவர், தூண், விதானம் எல்லாவற்றிலும் சிறு கண்ணாடித் துண்டுகள் ஒழுங்கு மாறாமல் பதிந்து மின்னுகின்றன. பார்க்கும் பக்கமெல்லாம் ஒன்று பலவாகிறது. தீபாவளி நெருங்கினால் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் வண்ண அரிசியால் பெரிய பெரிய கோலங்கள். ஆனால் கண்ணாடியில் பிள்ளை பார்ப்பது தன் முகத்தைத்தான். பேரங்காடிக் கோலத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. "தொடாதே" என்பதுதான் அதன் அருகே பிள்ளை கேட்கும் முதல் சொல். எவ்வளவு பார்த்தாலும், பார்த்ததால் மட்டும் அடுக்கத் தெரிந்துவிடுவதில்லை. அதே வண்ண அரிசியை வீட்டில் செய்ய ஒரு குவளைப் பச்சரிசி, கொஞ்சம் சாயம், துளி நீர், உலர்த்த ஒரு பழைய செய்தித்தாள் போதும். ஈரம் முழுக்கக் காயாத அரிசி விரலில் ஒட்டும், சாயம் நகக்கண்ணில் தங்கிவிடும், பச்சைக்குள் நாலு மஞ்சள் அரிசி விழுந்து தொலைக்கும். அந்த நாலு அரிசியைப் பொறுக்கி எடுக்கையில் பிள்ளை எது எதோடு சேரும், எது சேராது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கிறது. மலேசியத் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தில், 2010-லும் பிறகு 2017-ல் திருத்தியபோதும், எண்களைத் தொடங்குவதற்கு முன்பே இணைத்தல், ஒப்பிடுதல், வரிசைப்படுத்தல் என்று ஒரு பகுதியை வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் அது முன்னால் நிற்கிறது. வீட்டில்தான் நாம் அதைத் தாண்டிக் குதித்து நூறு வரை ஓடிவிடுகிறோம்.

கை பழகும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஜாலான் உங்கு புவான் பக்கம் பூக்கடையில் நின்று பூக் கட்டுவதைக் கவனியுங்கள். இரண்டு மல்லிகை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர, நூல் ஒரு சுற்று, இழுத்து ஒரு சுருக்கு. மூன்று முடிச்சுக்கு ஒரு பச்சை. கட்டுபவர் வாய் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும், கண் சாலையில் இருக்கும், விரல் மட்டும் முறை தவறாது. தவறினால் நூலைப் பிடித்திருக்கும் விரலுக்கே தெரிந்து நின்றுவிடும். நோன்புப் பெருநாளுக்கு முன் மலாய் அண்டை வீட்டில் தென்னங்குருத்தில் கெத்துப்பாட் முடைவார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. தப்பாகக் கோத்த ஓலை கூடாக நிற்காது, அவிழ்ந்துகொள்ளும். நம் தோரணக் குருத்தும் அப்படியே. கூலாயைத் தாண்டி வடக்கே கார் போகும்போது செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு, மரவரிசைகள் திடீரென்று நீண்ட சந்துகளாகத் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும், வேறு கோணத்தில் மறுபடி திறக்கும். செம்பனையை முக்கோண முறையில் நடுகிறார்கள். எந்த மரத்தைச் சுற்றியும் சம தூரத்தில் ஆறு மரம். இடுக்குப் புள்ளியும் அப்படித்தான்: ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு. கயிறும் முளைக்குச்சியும் பிடித்துக்கொண்டு காட்டை அளந்து அந்த வரிசைகளைப் போட்டவர்களில் நம் தாத்தாக்கள் உண்டு. வாசலில் பாட்டி மாவால் வைத்ததையும் காட்டில் தாத்தா குச்சியால் நட்டதையும் ஒரே வீட்டில் யாரும் சேர்த்துப் பேசியதில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

பேசும் மொழியைப் பற்றியும் ஒன்று. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் கொள்கை 2003-ல் முதலாம் ஆண்டில் தொடங்கியது, தமிழ்ப்பள்ளிகளிலும்தான். அன்று ஏழு வயதில் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இன்று முப்பதை எட்டிப் பெற்றோராகியிருக்கிறார்கள். கொள்கை பிறகு கைவிடப்பட்டது, 2016-ல் இருமொழித் திட்டமாக இன்னொரு வடிவில் வந்தது. அந்தப் பெற்றோருக்கு எண்ணுவது என்றால் ஆங்கிலத்தில்தான் வருகிறது. பாட்டி தமிழில் எண்ணுகிறார், அம்மா ஆங்கிலத்தில் எண்ணுகிறாள், பாலர் பள்ளியில் மலாயும் சேர்ந்துகொள்கிறது. இதனால் பிள்ளை குழம்பிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் குறைவு. இரண்டு கரண்டி, ஒரு மூடி என்ற ஒழுங்கைப் பிடித்துக்கொண்ட பிள்ளை அதை எந்த மொழியிலும் சொல்லிவிடும். என் கவலை வேறு: பெரியவர்கள் பிள்ளையை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். 'அடுத்து என்ன, நீலம்தானே?' என்று கேள்வியையும் விடையையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். பிள்ளை வரிசையைக் கலைத்துவிட்டால் 'தப்பு' என்று கையைப் பிடிக்கிறார்கள். தப்பா, புது விதியா என்பதை அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. அதே ஸ்கூடாய்ச் சிறுமி இன்னொரு நாள் ஒரு சிவப்பு, கொட்டை, இரண்டு சிவப்பு, கொட்டை, மூன்று சிவப்பு, கொட்டை என்று வைத்திருந்தாள். பார்த்தவுடன் பிசகியதாகத்தான் தோன்றும். பாட்டி கேட்டார்: "இப்படியே வச்சிக்கிட்டே போனா?" அவள் நாலு விதையை எண்ணி எடுத்தாள், ஒரு கொட்டையை வைத்தாள், டின்னைப் பார்த்தாள், "வெத பத்தாது பாட்டி" என்றாள். திரும்ப வரும் வரிசைக்கும் வளர்ந்துகொண்டே போகும் வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் துல்லியமாக யார் சொல்லிவிட முடியும்? தொடர முடிந்தால் அது விதி. தொடர முடியாமல் பிள்ளை சிரித்துக்கொண்டு கலைத்துவிட்டால் அது விளையாட்டு. இரண்டுக்கும் அந்த டின்னில் இடம் உண்டு.

ஆண் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். கோலமாவு டப்பாவின் பக்கம் பையன் வந்தால் 'நீ போய் விளையாடு' என்று அனுப்பிவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பூக் கட்டுவதும் அப்படி. அவனுக்குக் கைப்பேசியையோ காரையோ கொடுத்துவிடுகிறோம். பிறகு ஐந்தாம் ஆண்டில் பின்னம் புரியவில்லை, பரப்பளவு புரியவில்லை என்று இரவு வகுப்புக்கு அனுப்பி மாதம் நூறு வெள்ளி கட்டுகிறோம். புள்ளி வைக்காததால்தான் பின்னம் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. நாலு வயதில் வடிவத்தைப் பிடிக்கும் திறன் பின்னாளைய கணிதத்தோடு தொடர்புடையது என்ற அளவுக்கு ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்பு என்பது வேறு, காரணம் என்பது வேறு. ஆனால் ஒரு பெண் பிள்ளைக்குத் தற்செயலாகவேனும் கிடைத்த ஒன்றை, பையன் என்பதற்காகவே அவனிடமிருந்து பறித்துவிட்டோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இப்போதோ ஒட்டுக்கோலத்தின் புண்ணியத்தில் பெண் பிள்ளைக்கும் அது இல்லை.

அந்தச் சிறுமி இன்னும் கொஞ்ச காலத்தில் முதலாம் ஆண்டுக்குப் போவாள். முதலாம் ஆண்டுக் கணிதத்திலும் தொடர வேண்டிய வரிசைகள் வரும், நிரப்ப வேண்டிய கட்டங்கள் வரும், ஒரு கட்டத்துக்கு ஒரு விடைதான் இருக்கும். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு, ஒருத்தி கரண்டிகளைக் கிளறிக்கொண்டு யோசித்து முடிக்கும் வரை காத்திருக்க நேரம் இருக்காது. அவளும் சீக்கிரமே கடைசி இரண்டு வட்டங்களை மட்டும் பார்த்து நிரப்பக் கற்றுக்கொண்டுவிடலாம். அதுதான் சுலபம், அதற்குத்தான் மதிப்பெண். அப்படி ஆகிவிட்டால் மில்லோ டின்னோடு கழிந்த அந்தக் காலைகள் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்காத நாளில்லை. பாட்டியிடம் கேட்டேன். அவர் தரையில் சிதறிக் கிடந்த ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே, "பள்ளிக்கூடத்துல என்னா கேக்குறாங்களோ அத அங்க சொல்லட்டும். இங்க வந்தா நான் வேற கேப்பேன்" என்றார்.